சொந்தமா, அசலா?

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒரு நோட்டுப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வதனிக்குக் காலையிலும் மாலையிலும் சர்க்கரை எவ்வளவு, ஊசி எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எல்லாம் தேதிவாரியாக வேண்டுமாம். எனக்கா எழுதச் சொல்லித் தரவேண்டும்? சங்கரன்கோவில் பஸ் டிப்போவில் டைம் கீப்பர் நான். எந்த வண்டி எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது, டிரைவர் என்ன பொய் சொன்னான் என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப்போயிருக்கிறது. டாக்டருக்கு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இந்த நோட்டு எனக்கு. இந்த வீட்டில் நான் பேசினால் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. அதனால் மற்றதையும் இதிலேயே எழுதப் போகிறேன்.

வதனி என் இளைய மகள். பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. ஆறு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து நாளுக்கு நாலு ஊசி. மூத்தவள் சொர்ணாவுக்கு இருபத்தொன்று. அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. என் மனைவி பெயர் உலகம்மாள்.

காலை சர்க்கரை 126. நல்ல எண்தான். ஆனால் நேற்று ஒரே நாளில் ஒன்பது செம்புத் தண்ணீர் குடித்திருக்கிறாள். காலையில் பாய் நனைந்து கிடக்கிறது. பதிமூன்று வயதுப் பெண்பிள்ளை, வெட்கமாக இல்லையா? சர்க்கரை ஏறினால்தான் இப்படித் தாகம் எடுக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். மிஷினில் பார்த்தால் ஏறவில்லை. அப்படியென்றால் ஒன்று மிஷின் பொய் சொல்கிறது, இல்லை பிள்ளை பொய் சொல்கிறது. மிஷின் போன மாதம் வாங்கியது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி முடித்துப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்திருப்பார்கள். வந்ததும் பையை வாங்கிக் கொட்டினேன். மிட்டாய் இல்லை. மூன்று காலித் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. ஒன்றுதான் எங்கள் வீட்டுப் பாட்டில், மற்ற இரண்டும் சிநேகிதிகளுடையது. மிட்டாயை எங்கே வைத்துத் தின்றாய் என்று கேட்டேன். பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். கோமதியம்மன் மேல் சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினாள். நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உலகம்மாள் பாயை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வாய் இருக்கிறது என்பதே சில நாள் மறந்துபோகிறது.

ஆகஸ்ட் 21, புதன்

காலை 118. பாய் நனைந்திருந்தது. திட்டினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேச்சியக்கா சுரண்டையிலிருந்து வந்திருந்தாள். என் கூடப்பிறந்த அக்கா. என் மாமியாரும் அவள்தான், அவள் மகள் உலகம்மாளைத்தான் நான் கட்டியிருக்கிறேன். இப்போது அவள் மகன் சுடலைமணிக்கு என் மகள் சொர்ணா. தை மாதம் கல்யாணம், மண்டபம் பார்த்தாயிற்று. மணி கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான், தங்கமான பையன். சொர்ணாவுக்குத் தாய்மாமன். ஊர் பேர் தெரியாதவன் வீட்டு வாசலில் போய்ப் பெண்ணைப் பெற்றவன் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் தலையெழுத்து எனக்கு இல்லை. சொர்ணாவுக்கும் அவன் என்றால் உயிர். அவன் போன் வந்தால் மாடிக்கு ஓடிவிடுகிறாள்.

இது இன்று நேற்றுப் பேசிய பேச்சு இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகம்மாளை எனக்குக் கொடுக்கும்போதே அக்கா என் கையைப் பிடித்து, "உனக்குப் பொம்பளப் பிள்ள பொறந்தா எம் பயலுக்குத்தான் தரணும்லே" என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். மணிக்கு அப்போது ஆறு வயது.

உலகம்மாள் அந்தச் சமயத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தாள். பன்னிரண்டில் நல்ல மார்க், நர்ஸிங் படிக்க இடமும் கிடைத்திருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது, இன்னும் எத்தனை நாள் காத்திருக்க? கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகிவிட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

வதனியின் வகுப்பு டீச்சர் வரச்சொல்லியிருந்தார். முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் போர்டு தெரியவில்லையாம். சிவப்பும் பச்சையும் மாற்றி மாற்றிச் சொல்கிறாளாம். இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றியாயிற்று. உடனே திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். கண் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் ஒன்றுமில்லை, கண்ணுக்குப் போகிற நரம்பே வெளுத்திருக்கிறது என்றார். மதுரையில் சின்னப் பிள்ளைகளுக்கான சர்க்கரை டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், காட்டுங்கள் என்று சீட்டு எழுதினார்.

எழுதும்போதே கேட்டார், நீங்களும் மனைவியும் சொந்தமா, அசலா? அசல் என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மதுரை. காலை 5.10 வண்டி, நிமிஷம் பிசகாமல் எடுத்தான், ஆச்சரியம். டாக்டரம்மா நாற்பது வயது இருப்பார், சத்தம் போடாமல் பேசுகிறார். நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் பார்த்தார். அதில் தண்ணீர் ஐந்து செம்பு என்று போட்டிருந்தேன். ஒன்பது, பத்து என்று எழுதினால் பிள்ளையைக் கட்டுப்பாடாக வளர்க்கத் தெரியாதவன் என்று நினைக்கமாட்டாரா?

பிறகு அவரும் அதே கேள்வியைக் கேட்டார். உலகம்மாளைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன்.

அசல் என்றால் ஒரு சந்தேகத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம், மூளை ஸ்கேன் முதலில் எடுப்போம் என்று அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தார். சொந்தம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

திரும்பும்போது ராஜபாளையம் வரைக்கும் உலகம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் என்னைக் கெட்டவன் என்று சொல்லக் கூடாது.

வதனிக்கு முதன்முதலில் சர்க்கரை வந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இதையே கேட்டார். அக்கா மகள் என்று உள்ளதைச் சொன்னேன். வரிசையில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, அக்கா மகளைக் கட்டிக்கிட்டு இங்கே வந்து அழுதால் நான் என்ன செய்ய, படிச்சவன்தானே நீ என்று கத்தினார். அந்தப் பிள்ளைக்கு வந்த சர்க்கரைக்கும் எங்கள் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதைவிட, அப்போது உலகம்மாள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எந்த டாக்டர் கேட்டாலும் அசல்தான்.

இப்போது இன்னொன்றும் இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால், தை மாதத்துக்கு என்ன பதில்? அக்காவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்? சொர்ணாவின் ஆசை என்ன ஆகும்? ஒரு வார்த்தைதானே. ஒரு வார்த்தையில் யாருக்கு என்ன கெட்டுப்போகும்?

தண்ணீருக்கு இன்றிலிருந்து கட்டுப்பாடு. ஒரு நாளைக்கு இரண்டு செம்பு. குடித்துக் குடித்துப் பழக்கமாகிவிட்டது, பழக்கத்தை விடவைத்தால் பாய் நனையாது. அடுப்படிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலை 121. பாய் நனைந்திருந்தது. உதடு வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

டிப்போவிலிருந்து சாயங்காலம் வந்தால், வதனி கொல்லையில் துணி ஊறவைத்த தொட்டிக்கு முன்னால் குத்த வைத்துக் கையால் மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறாள். சோப்புத் தண்ணீர். ஓர் அடி அடித்தேன்.

இரண்டு அடி.

அவள் அழவில்லை, நாக்கு வறண்டு வார்த்தை குழறியது. "தாங்க முடியலப்பா" என்று மட்டும் சொன்னாள். சொர்ணா வந்து அவளை இழுத்துக்கொண்டு போனாள். உலகம்மாள் என் சட்டைப்பையில் கை விட்டுச் சாவியை எடுத்து அடுப்படியைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் சட்டைப்பையில் அவள் கை வைத்ததில்லை. நான் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பாதியில் விட்டால் எந்தப் பழக்கமும் மாறாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலாண்டுப் பரீட்சை எழுதும்போது வதனி மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார். சர்க்கரை தாழ்ந்ததா என்று பார்த்தால் 109. உடம்பில் தண்ணீரே இல்லை, உப்பு தாறுமாறாக ஏறியிருக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்றார்கள். ஆம்புலன்சில் மதுரை.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இன்னொரு தடவை கேட்கிறேன், நிதானமாகச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உலகம்மாள் சொல்லிவிட்டாள்.

"இவிய எங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி, டாக்டர். எனக்குத் தாய்மாமா. எம் பிள்ள ஒரு நாளைக்குப் பத்துச் செம்புத் தண்ணி குடிப்பா. ரெண்டு வாரமா ரெண்டு செம்புதான் குடுத்தோம். அடுப்படியப் பூட்டி வச்சிருந்தோம்."

'வச்சிருந்தாவ' என்று சொல்லியிருக்கலாம். 'வச்சிருந்தோம்' என்று சொன்னாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவைக் கீழே வைத்தார். இந்தப் பிள்ளைக்குத் தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்கிற சுரப்பு இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன், குடிப்பதெல்லாம் அப்படியே வெளியே போய்விடும், குடிக்காவிட்டால் உயிரே போயிருக்கும் என்றார். அது சர்க்கரையால் வரும் தாகம் இல்லையாம், தனி வியாதியாம். சர்க்கரை, கண் நரம்பு, இந்தத் தாகம், மூன்றும் ஒரே வேரிலிருந்து வருவதாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனை செய்தால் தெரியும் என்றார்.

இதை முதல் நாளே செய்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

வதனி பிழைத்துவிட்டாள். நாலு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். தாகத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சின்ன மாத்திரை.

அக்டோபர் 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்து இரண்டாவது நாள். பாய் காய்ந்திருக்கிறது. வதனி எழுந்ததும் பாயைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள், பிறகு சொர்ணாவை எழுப்பித் தடவிப் பார்க்கச் சொன்னாள். இரண்டும் சிரித்தன. ஒரு மாத்திரை! இத்தனை நாள் திட்டும் அடியும் சத்தியமும் ஒரு மாத்திரைக்காக. நான் குளிக்கப் போகிறேன் என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிப்போவில் இன்று எந்த டிரைவரையும் நான் கேள்வி கேட்கவில்லை. பதினெட்டு நிமிஷம் பிந்தி வந்தவன்கூட என்னைப் பயந்து பயந்து பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லியாண்ணே என்று கேட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மணி கோயம்புத்தூரிலிருந்து வந்து சொர்ணாவுக்குப் புடவை கொடுத்துவிட்டுப் போனான். வதனிக்கு மத்தாப்பு. மத்தாப்பு வெளிச்சம் தெரிகிறது, ஆனால் மஞ்சளா வெள்ளையா என்று சொல்லத் தெரியவில்லை என்றாள்.

நவம்பர் 8, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு மணி நேரம் சொன்னார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மரபணு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. டிப்போவில் ஸ்பேர் வண்டி வைத்திருக்கிறோமே அதுபோல. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடும், பயணிக்குத் தெரியவே தெரியாது. என்னிடம் ஒரு பிரதி பழுது. உலகம்மாளிடமும் ஒன்று பழுது, அதே இடத்தில் அதே பழுது. என் அப்பனோ ஆத்தாளோ எனக்கும் அக்காவுக்கும் கொடுத்தது, அக்கா தன் மகளுக்குக் கொடுத்தது. அசலில் கட்டியிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பழுது அமைவது லட்சத்தில் ஒன்றாக இருந்திருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு. சொர்ணாவுக்கு ஒரு பிரதிதான் பழுது. வதனிக்கு இரண்டும்.

ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு இந்த நோய் வராதாம். ஆனால் வயதானபிறகு வரும் சாதாரணச் சர்க்கரை மற்றவர்களைவிடக் கொஞ்சம் சுலபமாக எட்டிப் பார்க்கலாமாம், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வந்தால் வரட்டும்.

கண் திரும்பாது. இன்னும் குறையும். காது கேட்பதும் குறையலாம். மருந்து இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். விரலால் தடவிப் படிக்கிற எழுத்தை இப்போதே கற்றுக்கொடுங்கள், கொஞ்சம் பார்வை இருக்கும்போதே ஆரம்பித்தால் சுலபம் என்றார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது சொந்தத்தில் கல்யாணம் பேசியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

இந்தத் தடவை நான்தான் சொன்னேன். அப்படியானால் அந்தப் பையனுக்கும் ரத்தம் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள் என்றார். அவனுக்கும் அந்தப் பழுது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பஸ்ஸில் வரும்போது, ராஜபாளையத்தில் வண்டி நின்றபோது, உலகம்மாள் பேசினாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"அன்னைக்கும் வண்டி இங்கனதான் நின்னுது. எறங்கி ஓடிறலாமான்னு பாத்தேன். நீங்க என் கையப் புடிச்சிருந்திய."

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடப்படித்த பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் தேடினோம். நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுதாள். கல்யாணப் பெண் அழுவாள்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவளைத் தூக்கி வளர்த்தவன், என்னைக் கட்டிக்கொள்ளப் பிடிக்காமலா அவள் ஓடினாள் என்று எனக்கு அவமானமாக இருந்தது. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. முரண்டு பிடித்தாள் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சுரண்டைக்குப் போனேன். அக்கா கறி எடுத்துச் சமைத்து வைத்திருந்தாள், கல்யாண விஷயம் பேச வந்திருக்கிறேன் என்று. சாப்பிடும் முன்பே சொல்லிவிட்டேன், சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் துரோகமாக இருக்கும் என்று தோன்றியது.

அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் எங்கள் அப்பன் ஆத்தா ரத்தத்தையா குறை சொல்லுகிறாய் என்று ஆரம்பித்தாள். நம் வீட்டில் எத்தனை பேர் இப்படிக் கட்டியிருக்கிறார்கள், யாருக்கு என்ன வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். நானும் அதையேதான் யோசித்தேன், யாருக்கும் வரவில்லை. ஆனால் பேசிக்கொண்டே வந்தவள், சின்ன வயதில் கண்ணில்லாமல் போய்ச் செத்த ஒரு சித்தப்பா மகனைச் சொல்லும்போது நிறுத்திவிட்டாள்.

"எம்மவள உனக்குக் குடுத்தனேலே. அன்னைக்கு எங்க போனாவ இந்த டாக்டருமாரு?" என்றாள்.

கறிக்குழம்பை அப்படியே மூடி வைத்தாள். இலை போடவில்லை. நான் வந்துவிட்டேன்.

மணி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வந்தான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நான் ரத்தம் கொடுக்கிறேன் என்றான். அவனைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். அவன் கையைப் பிடிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 25, திங்கள்

காலை 140. விரலால் படிக்கச் சொல்லித்தரும் டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். வதனி புள்ளிகளைத் தடவி 'அம்மா' என்று வாசித்துவிட்டாள். 'அப்பா' இன்னும் பிடிபடவில்லை, அதில் ஒரு புள்ளி தப்பிப்போகிறதாம்.

டிசம்பர் 6, வெள்ளி

மணிக்கும் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

சொர்ணா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று மாடியிலிருந்து இறங்கி வந்து என் எதிரில் நின்றாள். நான் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அம்மா வேண்டாம்னா, கட்டி வச்சிய. நான் வேணும்ங்கேன், கூடாதுங்கிய. ரெண்டு பேருக்கும் நீங்கதான முடிவு பண்ணுதிய?"

உலகம்மாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கதை சொர்ணாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எல்லோருக்கும் எப்போதும் தெரிந்திருக்கும், நான்தான் யாருக்கும் தெரியாது என்று இருந்திருப்பேன்.

ரிப்போர்ட் இரண்டையும் சொர்ணா கையில் கொடுத்தேன். நீயும் மணியும் மதுரைக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேளுங்கள், என்ன முடிவு எடுத்தாலும் நான் குறுக்கே வரமாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு முடிவை இன்னொருத்தர் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

போய்விட்டு வந்தார்கள். கட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லையாம். நாலில் ஒன்று என்று சொன்னாராம். கர்ப்பத்திலேயே மூன்று மாதத்தில் பரிசோதித்துப் பார்க்கலாம், பிறகு என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம் என்றாராம்.

சொர்ணா எங்கள் எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்துச் சொன்னாள். அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"பாத்து, இருக்குன்னு வந்தா கலைக்கணும். என்னால முடியாது. பாக்காம பெத்துக்கவும் பயமா இருக்கு. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம். வேண்டாம்."

மணி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான். "வாரேன் மாமா" என்று என்னிடம் சொன்னான். சொர்ணாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலில் நின்றாள்.

அக்கா போனில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இனிமேல் எனக்குத் தம்பி இல்லை என்றாள். அவளும் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். எனக்குத் தெரியும், அவள் அழும்போது எப்படி இருப்பாள் என்று.

டிசம்பர் 23, திங்கள்

அரையாண்டு விடுமுறை. உலகம்மாளும் சொர்ணாவும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். வதனிக்கு மத்தியான ஊசி போட்டுவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவளால் தானாக வெட்டிக்கொள்ள முடிவதில்லை. சுண்டுவிரலுக்கு வந்தபோது கேட்டாள்.

"அப்பா, என்னய மாதிரி ஒண்ணு பொறந்துறக் கூடாதுன்னுதான் அக்கா கல்யாணத்த நிறுத்திட்டாளா?"

முன்னறையில் அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது இவளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சொர்ணா பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இருக்குன்னு வந்தா கலைக்கணும் என்ற பேச்சு யாரைப் பற்றியது என்று அந்தப் பிள்ளைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. மூன்று நாள் மனதுக்குள் வைத்திருந்துவிட்டு இன்று கேட்கிறாள்.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். எத்தனை டாக்டரிடம் எத்தனை சுலபமாக அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். இவளிடம் வரவில்லை.

"உன்னய வேண்டாம்னு இல்லம்மா. உனக்கு வந்த நோவு யாருக்கும் வேண்டாம்னுதான்" என்றேன்.

அவள் வெட்டிய நகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நோவு இல்லாம நான் எப்ப இருந்தேன்? எனக்கு ஞாபகமே இல்லியேப்பா" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஐந்து வயதில் டிப்போவுக்கு வந்து ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கி, எல்லா டிரைவரிடமும் ஹாரன் அடிக்கச் சொல்லிச் சிரிப்பாள். அதை அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அந்தப் பிள்ளை வேறு, இவள் வேறு என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை. மீதி நகத்தையும் வெட்டி முடித்தேன்.

அப்புறமும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அழுதியளாப்பா?" என்று கேட்டாள்.

ஆமா என்றேன்.